ஐந்தாவது ஆஸ்பத்திரி

மனைவியின் தலையெழுத்தைத் தன் கையால் திருத்துவது என்று அபாயம் முடிவெடுத்தது ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. சாப்பிட்ட தட்டு மேஜையிலேயே கிடந்தது. தட்டைக் கழுவி வைக்கும் வழக்கம் அவருக்குப் பிறவியிலேயே இல்லை.

அபாயம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. கட்டடம் கட்டடமாகப் போய், சுவரில் தொங்கும் சிவப்புத் தீயணைப்பு உருளைகளைச் சோதித்து, 'பரிசோதிக்கப்பட்டது, இத்தனை வருடம் செல்லும்' என்று சீட்டு எழுதிக் கழுத்தில் கட்டிவிட்டு வருவது அவர் வேலை. பத்தொன்பது வருடமாக, எது எப்போது பற்றிக்கொள்ளும் என்று மட்டுமே யோசித்துப் பழகிய மனுஷன். எந்த ஓட்டலுக்குப் போனாலும் வெளியே ஓடும் வழி எங்கே என்று பார்த்த பிறகுதான் நாற்காலியில் உட்காருவார். டீயைச் சூடாகக் குடித்தால் நாக்கு வெந்துவிடும் என்று பயம். ஆறவைத்தால் ஈ விழுந்துவிடும் என்று பயம். ஆபீசில் வைத்த பெயர் தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

அவர் மனைவிக்கு அந்தத் தெருவில் டாக்டரம்மா என்று பெயர். நிஜமாகவே டாக்டர்தான். ஆனால் படித்தது வேறு நாட்டில். கல்யாணமாகி இங்கே வந்தபோது, அந்தப் பட்டம் இங்கே செல்லாது, மறுபடி பரீட்சை எழுதி, ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் பயிற்சி டாக்டராக இருந்தால்தான் ஊசியைத் தொடலாம் என்று சொல்லிவிட்டார்கள். பரீட்சைகளை எழுதித் தேறிவிட்டார். பயிற்சி இடம்தான் வாய்க்கவில்லை. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர்கள் இடம் பிடிப்பது கல்லில் நார் உரிக்கிற காரியம். படித்து முடித்துப் பதினோரு வருடமும் ஆகிவிட்டால் கேட்கவே வேண்டாம். இரண்டு வருடம் விண்ணப்பித்து, இரண்டு வருடமும் 'இடமில்லை' என்று வந்தது. இது மூன்றாவது தடவை. பரீட்சை மார்க்குக்கு ஏழு வருடம்தான் ஆயுள், அதுவும் இந்த வருடத்தோடு முடிகிறது. இதை விட்டால் ஆயுசுக்கும் ஒரு கிளினிக்கில் ஃபோனை எடுத்து, 'டாக்டர் பத்து மணிக்கு வருவார்' என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இப்போதைக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

இந்தத் தடவை நூற்றுநாற்பது ஆஸ்பத்திரிகளுக்கு விண்ணப்பம் போனது. ஐந்து ஆஸ்பத்திரிகள் நேர்முகத்துக்குக் கூப்பிட்டன. அதற்கு மேல் நடப்பதெல்லாம் பெண் பார்த்து மாப்பிள்ளை பார்க்கிற விவகாரம்தான். எனக்கு இந்த ஆஸ்பத்திரி முதலில், அது கிடைக்காவிட்டால் இது என்று டாக்டரம்மா ஒரு வரிசை எழுதிக் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரிகளும் தங்களுக்குப் பிடித்தவர்களை வரிசையாக எழுதிக் கொடுக்கும். ஒரு கம்ப்யூட்டர் இரண்டையும் பொருத்தி முடிச்சுப் போடும். வரிசையைப் பூட்ட அன்று மாலை ஐந்து மணிதான் கெடு; அதுவரை திறந்து மாற்றி மறுபடி பூட்டலாம். டாக்டரம்மா முதல் நாளே பூட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அவர் முதலாவதாக எழுதியிருந்தது, விமானத்தில் நாலு மணி நேரம் போக வேண்டிய ஒரு தூரத்து ஊர் ஆஸ்பத்திரி. நேர்முகத்தில் அவர்கள்தான் அவரை டாக்டர் என்று கூப்பிட்டார்களாம். ஐந்தாவதாக, கடைசியில், வீட்டிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரி.

அந்த வரிசையைப் பார்த்ததிலிருந்து அபாயம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். மூன்று வருடம்! அவள் தனியாகப் போனால் பத்து வயது மகளும் தானும் எதைத் தின்பது? வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. குடும்பத்தோடு போனால் பத்தொன்பது வருட வேலை என்னாவது? போகாதே என்று வாயைத் திறந்து சொல்லலாம்தான். குளியலறைக் கண்ணாடியில் நோய்களின் பெயரை ஒட்டிவைத்து, பல் தேய்க்கும்போதுகூடப் படித்தவளிடம் அதை எந்த முகத்தோடு சொல்வது? ஆகவே தலைவலி என்று அரை நாள் லீவு போட்டுவிட்டு அவள் லேப்டாப்பைத் திறந்து, வரிசை எழுதும் பக்கத்துக்குள் நுழைந்தார். பாஸ்வேர்டு மகளின் பிறந்தநாள். அந்த வீட்டில் எல்லாப் பூட்டுக்கும் அது ஒன்றுதான் சாவி.

ஐந்தாவதைத் தூக்கி முதலில் வைத்தார். முதலாவதை இறக்கி ஐந்தாவதாக வைத்தார். பூட்டவா என்று கேட்டது. பூட்டு என்றார். மணி மூன்று பத்து.

பூட்டிய கையோடு நிஜமாகவே தலைவலி வந்துவிட்டது. மாத்திரை வாங்கக் கீழே மருந்துக்கடைக்குப் போனார். கடைக்காரர் மாத்திரையைவிடச் செய்தியைத் தாராளமாகக் கொடுக்கிறவர். டாக்டரம்மா விஷயம் என்ன ஆச்சு என்று அவரே ஆரம்பித்தார். பக்கத்து ஆஸ்பத்திரியைப் பற்றி அபாயம் யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டார். அதுவா, அவர்கள் வெளிநாட்டில் படித்தவர்களைக் கூப்பிடுவது ஒப்புக்குத்தான், ஒன்பது வருடமாக ஒருவரையும் எடுத்ததில்லை என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"சார், முதல் இடம்தான் எல்லாமே. முதல்ல எழுதின ஆஸ்பத்திரி வேணாம்னுட்டா மிச்சப் பட்டியலைக் கம்ப்யூட்டர் தூக்கிக் குப்பையில போட்டுரும். என் மச்சான் அப்படித்தான் போனான்."

"இப்ப என்ன பண்றார்?"

"துணிக்கடையில சட்டை மடிக்கிறான்."

அபாயம் திரும்பி ஓடினார். மாத்திரையை மறந்தார், மிச்சச் சில்லறையை மறந்தார், லிஃப்டையும் மறந்து மூன்று மாடி ஏறினார். லேப்டாப்பைத் திறந்தபோது மணி நாலு இருபது. வரிசைப் பக்கத்தில் மகளின் பிறந்தநாளைத் தட்டினார். பாஸ்வேர்டு தவறு என்றது. அவசரத்தில் விரல் தவறியிருக்கும் என்று ஒவ்வொரு எண்ணாகத் தட்டினார். தவறு. பெற்ற பிள்ளையின் பிறந்தநாளே மறந்துவிட்டதோ என்று அவள் பள்ளி அடையாள அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தார். அதே தேதிதான். அதைப் பார்த்துத் தட்டினார். மூன்று முறை தவறிவிட்டது, ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள் என்றது.

ஒரு மணி நேரம் கழித்தால் ஐந்தரை. ஐந்து மணிக்குக் கதவு சாத்திவிடும். அவளுக்கு ஃபோன் செய்து சொல்லிவிடலாம் என்று நாலு முறை எடுத்தார், நாலு முறையும் வைத்தார். கடிகாரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஐந்து அடிக்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார். ஊரெல்லாம் தீயணைப்பு உருளைக்குச் சீட்டுக் கட்டுகிறவன் சொந்த வீட்டுக்குக் கொள்ளி வைத்துவிட்டேனே என்று அழுகை வந்தது. அழுகையை எங்கே வைப்பது என்று தெரியாமல், மேஜையில் கிடந்த தட்டை எடுத்துக் கழுவினார்.

டாக்டரம்மா ஆறு மணிக்கு வந்தார். கழுவின தட்டைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். தலைவலி போச்சா என்று கேட்டார். போகவில்லை என்றார் அபாயம்.

"அப்ப மிச்சப் பாத்திரத்தையும் கழுவிடுங்க. கையில தண்ணி பட்டா தலைக்கு நல்லது."

டாக்டர் சொன்னால் மறுப்பேது? கழுவினார்.

அன்றிலிருந்து முடிவு தெரிய மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் அபாயத்துக்கு உடம்பில் ஒரு நோய் பாக்கியில்லை. நெஞ்சு படபடக்கிறது என்றார், வெங்காயம் நறுக்கச் சொன்னார் டாக்டரம்மா. கை நடுங்குகிறது என்றார், துணிகளை இஸ்திரி போட்டால் நடுக்கம் அடங்கும் என்றார். சாப்பாடு இறங்கவில்லை என்றதற்கு, தானே சமைத்துச் சாப்பிட்டால் இறங்கும் என்று பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்கு நெஞ்சு குறுகுறுக்கக் குறுகுறுக்க வீடு பளபளத்தது. உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஆபீஸ் சீட்டுகளையே எழுதிக் கட்டிவைத்தார். மிளகாய்த்தூளின் கழுத்தில்கூட 'பரிசோதிக்கப்பட்டது' என்று ஒன்று தொங்கியது. இரண்டாம் நாள் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டது. பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக ஒரு தீயை நிஜமாகவே அணைத்தார். அடுப்பு, சுவர், மகளின் புத்தகப் பை எல்லாம் உருளையின் வெள்ளைப் பொடி. துடைத்ததும் அவரேதான்.

வெளியிலும் நிம்மதி இல்லை. எந்தக் கடிதம் என்ன சேதி கொண்டுவருமோ என்று மெயில் பெட்டியைத் திறப்பதையே விட்டுவிட்டார். ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டு, தைரியமான முடிவு, வாழ்த்துகள் என்று முதுகில் தட்டினார். எந்த முடிவு என்று கேட்கப் பயந்து, தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

ஒருதரம் சொல்லிவிடத் துணிந்தார். டாக்டரம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய பாடப் புத்தகங்களின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு விஷயம் சொல்லணும் என்று ஆரம்பித்தார் அபாயம்.

"நானும் ஒண்ணு சொல்லணும்," என்றார் அவர். "இந்தத் தடவையும் இல்லைன்னா இதையெல்லாம் எடைக்குப் போட்டுரலாம். பார்க்கப் பார்க்க வயிறு எரியுது. நீங்க என்ன சொல்ல வந்தீங்க?"

"துணி காஞ்சிருச்சான்னு பார்க்கட்டுமா?"

"பாருங்க. அப்படியே மடிச்சும் வெச்சிருங்க."

சட்டையை மடிக்கும்போதெல்லாம் துணிக்கடை மச்சான் ஞாபகத்துக்கு வந்தான்.

நாலாவது வாரம் திங்கட்கிழமை முதல் மெயில் வந்தது. இடம் கிடைத்துவிட்டது, எங்கே என்பது வெள்ளிக்கிழமை தெரியும். டாக்டரம்மா சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதார். ஏழு வருட அழுகை. அபாயமும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். அழுது முடிந்ததும் பழையபடி பயம் வந்துவிட்டது. முதல் ஆஸ்பத்திரி வேண்டாமென்றால் பட்டியலே குப்பை. குப்பைக்குப் போகவில்லை, ஆகவே கிடைத்திருப்பது முதலில் இருந்தது, அதாவது ஒன்பது வருடமாக யாரையும் எடுக்காத பக்கத்து ஆஸ்பத்திரி. ஆசைப்பட்டது அதைத்தான். ஆனால் ஐந்தாவதாக எழுதினது எப்படிக் கிடைத்தது, முதலில் எழுதின ஊர் எங்கே போச்சு என்று அவள் தோண்ட ஆரம்பித்தால்? அந்த ஊருக்குத்தான் அவள் ஏங்கினாள், அதைத்தான் நான் பிடுங்கிவிட்டேன். 

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று பேரும் லேப்டாப்பைச் சுற்றி நின்றார்கள். அபாயம் சமையல் ஏப்ரனோடு நின்றார். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மகள்தான் மெயிலைத் திறந்து, ஊர்ப் பெயரை உரக்கப் படித்தாள். விமானத்தில் நாலு மணி நேரம் போக வேண்டிய அந்த ஊர்.

"அது எப்படி?" என்றார் அபாயம். "அதை அஞ்சாவதால்ல வெச்சேன்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே காதில் விழுந்தது. மகள் அம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மூணு பத்துக்கு நீங்க பூட்டினீங்க. மூணு பதினொண்ணுக்கு, 'உங்கள் வரிசை மாற்றப்பட்டது'ன்னு என் ஃபோனுக்கு மெயில் வந்துச்சு. கிளினிக்குல இருந்தே மூணு இருபதுக்குப் பழையபடி மாத்திப் பூட்டிட்டேன். பாஸ்வேர்டையும் மாத்திட்டேன்."

அபாயம் நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே ஓடும் வழி எங்கே என்று இந்த முறை பார்க்கவில்லை. முதல் ஆஸ்பத்திரி வேண்டாமென்றால் பட்டியலே குப்பைக்குப் போய்விடும் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னாரே என்று முனகினார். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவதைப் பார்க்கும், மருந்துக்கடைக்காரரின் மச்சான் பரீட்சையே எழுதினதில்லை என்றார் டாக்டரம்மா.

"மூணு வாரமா செத்துச் செத்துப் பிழைச்சேனே. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"போகாதேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

அபாயம் ஏப்ரன் நுனியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பயமா இருந்துச்சு."

"எனக்கும்தான்," என்றார் டாக்டரம்மா. "ஏழு வருஷமா."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு அபாயம், சரி, எல்லாருமாகவே போவோம், என் வேலைதான் போகட்டும் என்று தியாகி போல எழுந்து நின்றார்.

"வேலை எங்கேயும் போகலை. உங்க கம்பெனிக்கு நான் எழுதின எல்லா ஊர்லயும் கிளை இருக்கு. மாற்றல் கேட்டு, அந்த ஊர்களை வரிசை போட்டு நீங்க அனுப்பின மெயிலுக்குப் போன வாரமே சரின்னு பதில் வந்துருச்சு. எந்த ஊர்னு சொன்னா போதுமாம்."

"நான் எந்த மெயிலும் அனுப்பலையே?"

"நானும்தான் அன்னிக்கு என் வரிசையை மாத்தலை. உங்க பாஸ்வேர்டும் நம்ம பொண்ணு பிறந்தநாள்தானே?"

மேனேஜர் முதுகில் தட்டியது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.  நல்லவேளையாகக் குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அணைக்க ஓடினார். அவர் முதுகைப் பார்த்து மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஏப்ரன் முடிச்சில் ஏதோ தொங்குவது தெரிந்து, கையை வளைத்துப் பிடித்து இழுத்தார். அவர் ஆபீஸ் சீட்டு. ஆனால் எழுத்து அவருடையது அல்ல. டாக்டர் எழுத்து, ஒரு எழவும் புரியவில்லை. மகளிடம் நீட்டினார். அவள் வாங்கி நிறுத்தி நிறுத்திப் படித்தாள்:

"பரிசோதிக்கப்பட்டது. சமையல், துணி, பாத்திரம் எல்லாம் சரி. மூன்று வருடம் செல்லும்."