ஓவர்லாக்காவும் நான்கு மூலைகளும்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. வாக்கியம் கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர்களும் மறந்துபோகின்றன. ஆனால் ஒன்று மறக்காது. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஓரம் என்று ஒன்று இருந்த எந்தப் பொருளும் எங்கள் ஓவர்லாக்காவிடம் தப்பியதில்லை.

ஓவர்லாக் மிஷினில் உட்காரும் அக்கா. சேர்த்துச் சொல்லிச் சொல்லி ஓவர்லாக்கா ஆகிவிட்டாள். என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். இருந்தும் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். கடையில் எல்லோருக்கும் நான் ஆன்டி. ஒரு கடைக்கு மேல்மாடியில் எங்கள் தையல்கடை. வெட்டிய துணியின் ஓரம் பிரிந்து வராமல் நூலால் கட்டுவது அவள் மிஷினின் வேலை. அதற்குள்ளே சின்னக் கத்தி ஒன்று உண்டு. ஓரத்தை நறுக்கிக்கொண்டே தைக்கும். அவள் வாயும் அப்படித்தான்.

கல்யாணப் பெண்ணின் அம்மா ஒருத்தி வந்து, "உள்பக்கம்தானே, யாரு பாக்கப் போறா? ஓவர்லாக் வேணாம், சீக்கிரம் குடுங்க" என்றாள்.

"குளிக்கிறப்போ முதுகையும் விட்டுருவீங்களா ஆன்டி? அதையும் யாரும் பாக்கலையே."

அந்த அம்மா உட்கார்ந்து காத்திருந்து வாங்கிப் போனாள்.

ஓவர்லாக்காவுக்கு மலாயில் ஒரே ஒரு சொல்தான் பிடிக்கும். போலே. முடியும். கோயில் பந்தல் துணியைக் கொண்டு வந்தார்கள். பாதித் துணி மாடிப்படியில் கிடக்க, மீதியை மிஷினில் விட்டு, "போலே" என்றாள். சீனத்தி ஒருத்தி நாய்க்கு மழைச்சட்டை கேட்டாள். அதுவும் போலே. நாய் மட்டும் சம்மதிக்கவில்லை.

வேலை இல்லாத நாளில் அவள் பக்கத்தில் எதையும் வைக்க முடியாது. மேசை துடைக்கிற துணி, என் பையின் வாய், சுவரில் தொங்கிய காலண்டரின் கீழ்விளிம்பு, எல்லாவற்றுக்கும் ஊதா நூலில் ஓரம் கட்டிவிடுவாள். ஆறிப்போன ரொட்டி சானாயையும் உள்ளே விட்டிருப்பாள். எண்ணெய் பட்டால் மிஷின் கெடும் என்று விட்டாள்.

எனக்கு மிஷின் தெரியாது. கைவேலைதான். பொத்தான், கொக்கி, அதைவிட அதிகமாக மூலைகள். கல்யாண மண்டபங்களுக்கு மேசைத் துணி தைப்போம். ஓவர்லாக்கா ஒரு பக்கத்தை அடித்து முடித்தால் மிஷின் துணியைத் தாண்டி ஓடி நிற்கும். மூலையில் நூல் எலிவால் மாதிரி தொங்கும். அந்த வாலைத் தடித்த ஊசியில் கோத்து, தையலுக்குள் நுழைத்து மறைப்பேன். ஒரு துணிக்கு நான்கு வால். வீட்டுக்காரர் போன பிறகு நான் மகனிடம் கை நீட்டாமல் சாப்பிட்டது அந்த வால்களால்தான்.

தீபாவளி நெருங்கிய ஒரு காலையில் பாஸ் கைப்பேசியோடு வந்தார். படத்தில் யாரோ ஒரு பெண் ஓவர்லாக் அடிக்கிறாள். மூலை வந்ததும் ஒரு தையல் தள்ளிப் போய், மிஷினின் பாதத்தைத் தூக்கி, நூலைக் கொஞ்சம் தளர்த்தி, துணியைத் திருப்பி, அப்படியே அடுத்த பக்கம் போய்விட்டாள். வாலே இல்லை.

"பாத்தீங்களா அக்கா? நேரா திரும்பிடுது. அப்புறம் மூலைக்குன்னு தனியா ஆள் எதுக்கு?" என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். என் கையில் ஊசி நின்றுவிட்டது.

ஓவர்லாக்கா படத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"தாக் போலே."

முடியாது என்று அவள் வாயிலிருந்து வந்து அன்றுதான் கேட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது.

"நாய்க்குச் சட்டை தச்சீங்களே அக்கா."

"நாய்க்கு மூலை இல்ல பாஸ்."

ஒரு துணியை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். கத்தி மூலையை வட்டமாகத் தின்றது. இன்னொன்றில் மூலையே காணோம். "இந்த மிஷினுக்கு மூலைன்னா ஆன்டிதான்லா. ஆன்டி வேணாம்னா மிஷினையும் தூக்கிட்டுப் போங்க, என்னையும் சேத்து."

"தள்ளுங்க, நான் பாக்கறேன்" என்று பாஸ் உட்கார்ந்தார். இடுப்புக்கு வெளியே தொங்கவிட்டிருந்த பூப்போட்ட பாத்தேக் சட்டை அவருக்கு. மிதியை ஒரே அழுத்து. மேசைத் துணியும் சட்டையின் நுனியும் ஒன்றாகச் சேர்ந்து தைத்துக்கொண்டன. கத்தி தன் பங்கை நறுக்கிக் கீழே தள்ளியது.

பாஸுக்கு வேர்த்துக் கொட்டியது. முகம் துடைக்க மிஷின் மேசையில் கிடந்த துணியை நோக்கிக் கை நீட்டினார். ஓவர்லாக்கா சோற்று டப்பாவைக் கட்டிவரும் பழைய சாரோங் கைலியின் துண்டு அது. வால் தேடியே பழகிய கண் எனக்கு. அந்தத் துண்டை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். ஊதா நூல். நான்கு மூலை. ஒரு வால்கூட இல்லை. படத்தில் இருந்ததைவிட அழகாகத் திரும்பியிருந்தது.

நான் கூச்சக்காரி. பாஸிடம் மாதத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அன்று எழுந்து போய் அவர் கைக்கு முன்னால் அதைப் பறித்து, சத்தமாக மூக்கைச் சிந்தினேன்.

"சளி பாஸ்."

அவர் கையை இழுத்துக்கொண்டார். சட்டையைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், என் மூக்கைப் பார்த்தார். "சரி, மூலைக்கு ஆன்டியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

சாப்பாட்டு வேளையில் ஓவர்லாக்கா என் பக்கம் வந்தாள்.

"மூக்கச் சிந்தின துணியில நான் எப்படி ஆன்டி சோறு கட்டுவேன்?"

"தொவச்சுத் தரேன்."

"பாத்தீங்களா?"

"எத?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க."

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. என் கண் மங்கி, நானாகப் போகிறேன் என்று சொன்ன நாள்வரை மூலைகள் என்னிடமேதான் வந்தன. இப்போது அவள் செமினியில் மகள் வீட்டில் இருக்கிறாளாம். அங்கே வாசல் காவலாளி உட்காரும் கார்டு வீட்டுத் திரைக்கெல்லாம் ஊதா ஓரம் என்று கேள்வி.

மிஷினில் நூல் மூன்றா நான்கா, கீழே இருந்தது சேலைக்கடையா பாத்திரக்கடையா, இதெல்லாம் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. அந்தத் தெருவை அறிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். பாஸ் இந்த இதழை வாங்குகிறவர்தான், படிக்கட்டும்.

மூலை விஷயத்தை மட்டும் சரிபார்க்க வேண்டாம். யார் வந்து கேட்டாலும், எங்கள் ஓவர்லாக்காவுக்கு மூலை திருப்பத் தெரியாது.