படமே பார்க்காத குடையண்ணாச்சி

கோட்டாற்றில் ஒரு படம் பத்து நாள் ஓடுமா, இரண்டாம் நாளே பெட்டி கட்டுமா என்பதைத் தீர்மானித்தவர், வாழ்நாளில் ஒரு படம்கூடப் பார்க்காதவர். தொழில், குடை ரிப்பேர். பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும். ஊருக்கு அவர் குடையண்ணாச்சி. மாலைக்கண் வேறு. பொழுது சாய்ந்துவிட்டால் எதிரே யானை நின்றாலும் தெரியாது. கொட்டகையிலோ பொழுது சாய்ந்த பிறகுதான் படம் போடுவார்கள்.

பேசும் படம் வந்த புதிது. நான் பள்ளிக்கூட வாத்தியார். உள்ளூர் வார இதழில் பட விமர்சனமும் எழுதினேன். எந்தப் படமும் திருநெல்வேலியில் ஓடித் தேய்ந்த பிறகே எங்களுக்கு வரும். ஆகவே ஞாயிறுதோறும் பஸ்ஸேறிப் போய், ஆரல்வாய்மொழிக் காற்றில் மேல்துண்டைப் பறிகொடுத்து, முன்னதாகப் பார்த்துவிட்டு வந்து எழுதுவேன். சனிக்கிழமை இதழ் வரும். மூன்று பேராவது என்னைத் தேடி வருவார்கள் என்று வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பேன். முப்பது பேர் இதழைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சியிடம் போவார்கள்.

அவர் மூக்குக் கண்ணாடியை நூலால் காதில் கட்டிக்கொண்டு, என் எழுத்தை ஒரு வரி விடாமல் வாசிப்பார். பிறகு வந்தவனை ஏற இறங்கப் பார்ப்பார். “ஒனக்கு என்ன வேணும்டே? அழணுமா, சிரிக்கணுமா, பாட்டு கேக்கணுமா?” நாடி பிடிக்கிற வைத்தியர் தோற்றார்.

ஒரு படத்தை, “நாற்பத்தெட்டுப் பாட்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போகவும்” என்று கிழித்திருந்தேன். இராஜாக்கமங்கலத்து மீன்காரர் ஒருவர் வந்து, போகலாமா என்று கேட்டார்.

“வாத்தியாரு பாட்டு சகிக்கலன்னு எழுதியிருக்காரு. நீ வள்ளத்துல பாடிக்கிட்டே போற ஆளு. ஓடு மக்கா, இது ஒனக்கு உள்ள படம்!”

அவர் மூன்று தடவை பார்த்துவிட்டு, அண்ணாச்சிக்கு முழு நெய்மீன் கொண்டுவந்து கொடுத்தார். எழுதிய எனக்கு வால்கூடக் கிடைக்கவில்லை. அதே படத்துக்கு ஜவுளிக்கடை முதலாளி கேட்டபோது, “ஒமக்கு மூலம் உண்டும்லா? நாலு மணி நேரம் பலகையில இருக்கப்பிடாது” என்று திருப்பி அனுப்பினார். முதலாளியும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்தேன். ஒருநாள் என் மனைவியே, “கேட்டேளா, இந்தப் படம் எனக்குப் பிடிக்குமான்னு குடையண்ணாச்சிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாருங்கோ” என்றாள்.

“நான்தானட்டீ எழுதியிருக்கேன்!”

“நீங்க உங்களுக்குப் பிடிச்சத எழுதுதியோ. அவரு எனக்குப் பிடிச்சதச் சொல்லுகாரு.”

என் குடைக்கம்பி முறிந்தபோது, பக்கத்திலிருந்த அண்ணாச்சியிடம் கொடுக்க மனமில்லாமல் வடசேரிவரை நடந்து வேறொருவரிடம் கொடுத்தேன். அது திரும்பி வந்தபின் தாமரைப்பூ மாதிரி மேல்நோக்கி விரிந்தது. அப்படியே பிடித்து நனைந்தேனே தவிர, அவரிடம் போகவில்லை.

அடுத்த ஞாயிறு பஸ் பாதி வழியில் படுத்துவிட்டது. படம் பார்க்க முடியவில்லை. ஒரு வாரம் விமர்சனம் வராவிட்டால் அண்ணாச்சி இன்னும் பெரிய ஆளாகிவிடுவாரே என்ற வயிற்றெரிச்சலில், நோட்டீஸைப் பார்த்தே எழுதிவிட்டேன். நோட்டீஸில், ‘நிஜப் புலியுடன் பயங்கரச் சண்டை’ என்று இருந்தது. நான், “புலியின் மூச்சுக்காற்று என் முகத்தில் பட்டது” என்றேன்.

சனிக்கிழமை எதிர் வெற்றிலைக்கடையில் நின்று நோட்டம் பார்த்தேன். அண்ணாச்சி ஒரு தடவை வாசித்தார். மறுபடி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“எனக்குச் சொல்லத் தெரியல்லடே. போய்ப் பாத்துக்கிடுங்கோ.”

ஊர் வாய்பிளந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று இரண்டு வெற்றிலை கூடுதலாகப் போட்டேன்.

படம் ஊருக்கு வந்த அன்று நானும் போனேன். கொட்டகையில் உட்காரும் மணல் தரையே தெரியாத கூட்டம். படம் ஓடியது, ஓடியது, புலி வரவில்லை. கடைசியில் கதாநாயகன் தான் ஒரு புலியைக் கொன்றதாகப் பாட்டில் சொன்னான். அவ்வளவுதான் புலி.

“புலி எங்கலே?” என்று ஒரு குரல். “வாத்தியாருக்க மூஞ்சில மூச்சு விட்ட புலி எங்க?” என்று இன்னொன்று. கைப்பிடி மணல் என் தலையில் விழுந்தது. நான் கொட்டகையின் கித்தான் மறைப்பைத் தூக்கி நழுவப் பார்த்தேன்.

அப்போது பின்னாலிருந்து, “ஏலே, சும்மா இருங்கலே!” என்று ஒரு அதட்டல். குடையண்ணாச்சி! மீன்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு, திரைக்கு முதுகைக் காட்டி நின்றார். “திருநெல்வேலியில புலி வந்த ரீலு அறுந்துபோச்சு. வாத்தியாரு பாத்தது முழுப் படம். நமக்கு வந்தது மிச்சம்!”

கூட்டம் அடங்கியது. புலியைக் காணக் கொடுத்துவைக்கவில்லையே என்று சிலர் உச்சுக்கொட்டினார்கள்.

அவர் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனேன். பாதி வழியில் கேட்டேன்.

“நான் படம் பாக்கலன்னு எப்படித் தெரிஞ்சுது அண்ணாச்சி?”

“நீரு படம் பாத்தா எட்டுக் குத்தமாவது சொல்லுவீரு. இதுல ஒண்ணுகூட இல்ல. செரி, புலி மூச்சு விட்டா நாத்தம் அடிக்காதா ஓய்? அதையாவது எழுதப்பிடாதா?”

“பின்னே ஏன் காட்டிக்குடுக்கல?”

“ஒம்ம எழுத்து பொய்யின்னு ஆயிட்டா, நான் எத வச்சு ஓய் சொல்லுவேன்?” என்றார். “அடுத்த வாரம் பாத்துட்டு எழுதும்.”

அதற்கப்புறம் பார்க்காமல் ஒரு வரி எழுதியதில்லை. சில வருஷங்களில் அவருக்குப் பகல் பார்வையும் மங்கியது. சனிக்கிழமைகளில் நானே போய் இதழை வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்பார். சனம் என்னைத் தாண்டி அவர் வாயையே பார்க்கும். அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் திரும்பும்போதே, அண்ணாச்சிக்கு இதை எப்படிச் சொல்லலாம் என்றுதான் யோசித்துக்கொண்டு வருவேன்.