பெரிய வீட்டுக் கார் குன்றக்குடி போன விவரம்

சிவமயம்

காரைக்குடி

அன்புத் தம்பி கார்த்திகேய சிவத்துக்கு, உன் பெரியப்பச்சி மகன் அழகுசுந்தரம் மனமார வாழ்த்தி எழுதுவது. இங்கே நானும் விசாலமும் காரும் சௌக்கியம். கோயம்புத்தூரில் நீயும் சுபாவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்கக் குன்றக்குடி முருகன் துணை நிற்பான். போனில் சொன்னால் பாதியில் "மீட்டிங் இருக்குண்ணே" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. ஆகவே முழுவதும் படி.

நம் அப்பச்சிமாரைப் பெற்ற ஐயா வாங்கி, அவருக்குப் பிறகு யாரும் தொடாமல் கொட்டகையில் கட்டைமேல் நின்ற கறுப்புக் காரை ஓட்டல்காரருக்கு விற்றுவிடலாம் என்று பங்காளிகள் எல்லாரையும் பத்திரத்தில் கையெழுத்துப் போட வைத்தாய். நான் ஒருவன்தான் மாட்டேன் என்றேன். காரணம் உனக்கே தெரியும். அந்த மனுஷர் எஞ்சினைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, உள்ளே கலர் விளக்கு எரியவிட்டு, வாசலில் பொம்மையாக நிறுத்தப் போகிறார். எஞ்சின் இல்லாத கார் அடியில்லாத அண்டா மாதிரி. ஆயுசுக்கும் பாத்திரக்கடை வைத்திருந்தவன் சொல்கிறேன், அப்படி ஒன்றை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதற்கு நீ எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே, "குலதெய்வப் படைப்புக்கு முன்னாடி அது தானா ஓடிக் குன்றக்குடி போயிருச்சுன்னா பத்திரத்தைக் கிழிச்சுப் போட்டுர்றேண்ணே" என்றாய். தம்பி, கார் போய்விட்டது.

எப்படிப் போனது என்று கேள். முதலில் காரை ஒன்றுசேர்க்க வேண்டியிருந்தது. பாகம் பிரித்தபோது காரைப் பொதுவில் வைத்தார்கள் அல்லவா, எந்தப் பங்காளியும் மற்றவர்களுக்குத் தெரியாமல் ஓட்டிக்கொண்டு போய்விடக் கூடாதென்று ஆளுக்கொரு சாமானைக் கழற்றிக்கொண்டு போன சாமர்த்தியம் நம் வம்சத்தைத் தவிர வேறு யாருக்கு வரும்? ஹாரன் வலையபட்டியில் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுவதற்கு உபயோகத்தில் இருந்தது. பின் சீட்டில் ஒரு வீட்டு மாப்பிள்ளை மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தார், எழுந்திருக்கும்வரை காத்திருந்தேன். ஸ்டியரிங் கல்லலில் சீதை ஆச்சி வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தது, அதில் துண்டு காயப்போட்டிருந்தார்கள். நம் வீடுகளில் போனதும் போகாததுமாகக் காரியத்தைப் பேச முடியுமா? போன இடமெல்லாம் வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், அப்புறம்தான் பேச்சு. எல்லாச் சாமானும் வந்து சேர்ந்தபோது எனக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. சீதை ஆச்சி மட்டும் எதற்கும் மசியவில்லை. "பாகத்துல வந்ததை எப்படிப்பா சும்மா தூக்கிக் குடுக்குறது? குன்றக்குடிக்கு முன் சீட்டுல நான் வாரேன், அப்படின்னா எடுத்துக்க" என்றார்கள். சரி என்றேன்.

பிறகு ரிப்பேர். மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை, எல்லாம் நானும் யூடியூபும்தான். கார்புரேட்டர் நல்ல பித்தளைச் சாமான், கறுத்துப்போய்க் கிடந்தது. பித்தளையைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா, புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக் குத்துவிளக்கு மாதிரி ஆக்கிவிட்டேன். அதன் பொடித் துளையெல்லாம் புளி அடைத்துக்கொண்டது அப்புறம்தான் தெரிந்தது. மூன்று நாள் குண்டூசியால் குத்தினேன். ஆனால் பெட்ரோல் டாங்கி ஓட்டையாக இருந்ததே, அதற்குப் பழைய பாத்திரத்துக்குப் பூசுகிற மாதிரி உள்ளே ஈயம் பூசினேன் பார், ஒரு சொட்டு ஒழுகவில்லை. இதை நீ உன் எஞ்சினியர் நண்பர்களிடம் தாராளமாகச் சொல்லலாம்.

அடுத்தது பளபளப்பு. நம் வீட்டுச் சுவர் நூறு வருஷமாகக் கண்ணாடி மாதிரி இருப்பது எதனால், முட்டை வெள்ளைக்கருவினால். அதையே காருக்கும் பூசினால் என்ன? கொத்தனார் காளிதாஸ், "அது செவுத்துக்குத்தாங்க, வண்டிக்குப் பூசி நான் பாத்ததில்லை" என்று தயங்கினார். நான் கேட்கவில்லை. நம்பமாட்டாய், கதவில் என் மீசை தெரிந்தது. வெயில் ஏறியதும் எறும்பு வந்தது. எறும்புக்குப் பின்னால் பூனைகள் வந்து பானெட்டை நக்கின. பூனைகளை விரட்டக் காக்கைகள் வந்தன. வீச்சத்துக்குப் பயந்து பக்கத்து வீட்டார் ஜன்னலைச் சாத்தினார்கள். கழுவுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அந்த அவசரத்தில் எஞ்சினைக் கிளப்பியும் பார்த்துவிடலாமென்று முன்பக்கத் துளையில் கிளப்புகிற கம்பியைப் போட்டுச் சுற்றினேன். அது ஒரு வெடி வெடித்து, உள்ளே இருந்த கரியை எல்லாம் முற்றத்தில் காய்ந்த விசாலத்தின் வத்தல்மேல் துப்பியது. அவள் வந்து வத்தலைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இம்புட்டையும் நீங்கதான் திங்கப் போறீக" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் அதைக் காதிலேயே வாங்கவில்லை தம்பி. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

போன வெள்ளிக்கிழமை புறப்பட்டோம். முன் சீட்டில் சீதை ஆச்சி, பின் சீட்டில் விசாலம், பின்னால் இரண்டு வேனில் பங்காளிகள். தள்ளுவதற்குத்தான் வந்தார்கள், எனக்குத் தெரியாதா. தள்ள விடவில்லை. ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திப் போனார், அவருக்கு என்ன அவசரமோ. ஹாரனை அடித்ததும் ரோட்டிலிருந்த பிள்ளைகளெல்லாம் ஓடிவந்து வேடிக்கை பார்த்தார்கள். மலையடிவாரத்தில் நிறுத்தியபோது விசாலம் பின்னாலிருந்து குனிந்து, "நல்லாத்தான் ஓட்டுறீக" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்லிக்கொள்ள என்ன வெட்கம்?

ஆகவே சொன்ன சொல்லைக் காப்பாற்று. பத்திரத்தைக் கிழித்துப் போடு. நம் ஐயாவின் கார் நம் கொட்டகையை விட்டு ஒரு நாளும் போகாது. என் உயிர் உள்ளவரை அதில் என் கையெழுத்து விழாது. படைப்புக்குக் குடும்பத்தோடு வா, ஸ்டேஷனுக்குக் காரிலேயே வந்து கூட்டிப்போகிறேன். சுபாவுக்கு விசாலத்தின் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்துச் சீரும் சிறப்புமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பெருமையோடு உன் அண்ணன்,
அழகுசுந்தரம்

பின்குறிப்பு: பத்திரத்தைக் கிழித்துவிடாதே. போனதைப் பற்றித்தான் எழுதினேன், திரும்பியதைப் பற்றி எழுதவில்லை. சாமி கும்பிட்டு வந்தால் கார் கிளம்பவில்லை. அந்த ஓட்டல்காரரும் அன்று கோயிலுக்கு வந்திருந்தார். தன் மெக்கானிக்குகளை வரவழைத்தார், சாயந்தரம்வரை போராடித் தோற்றார்கள். கடைசியில் நான் போய்க் கார்புரேட்டரில் ஓரிடத்தில் ஸ்பானரால் இரண்டு தட்டுத் தட்டினேன், கிளம்பிவிட்டது. எந்த இடம் என்று யாருக்கும் சொல்லவில்லை, உனக்கும் சொல்லமாட்டேன். கூட்டம் கை தட்டியது. ஓட்டல்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எஞ்சினைத் தொடவே மாட்டோங்கய்யா. தெனம் சாயங்காலம் நீங்களே வந்து விருந்தாளிகளுக்குக் கிளப்பிக் காட்டுவீகளா?" என்று கேட்டார். நானும் யோசித்துப் பார்த்தேன். நம் கொட்டகையில் கிளப்பினால் பார்க்க யார் இருக்கிறார்கள், பூனையைத் தவிர? பத்திரத்தை அடுத்த தபாலில் அனுப்பு, கையெழுத்துப் போட வேண்டும். விசாலம் என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள்.