நட்சத்திரம் பிறக்கிற விதமும் நியேவெஸைப் பெண் கேட்டு வந்த கதையும்

தொகோனாவ்,
திங்கட்கிழமை

அன்புள்ள தங்கை எர்மெலிந்தாவுக்கு, அண்ணன் எலெயுதேரியோ எழுதிக்கொண்டது. நானும் லாமா மந்தையும் நலம். கலாமாவில் நீயும் மச்சானும் தூசி தின்னாமல் நலமாயிருக்கப் பூமித்தாயை வேண்டுகிறேன்.

நிற்க. என் மகள் நியேவெஸைப் பெண் கேட்டு வந்துவிட்டார்கள். மலைமேல் அவள் பழுதுபார்க்கிற வெள்ளை ஆன்டெனாக்களில் வேலை செய்யும் வானியல்காரன், ததேயோ, தெற்கே மழை ஓயாத வால்டிவியா ஊர்க்காரன். நம் வழக்கத்தில் மாப்பிள்ளை வாய் திறக்கக் கூடாது, கல்யாணத்துக்கு ஞானத்தகப்பனாய் நிற்கிறவன்தான் அவனுக்காகப் பேச வேண்டும். தெற்கத்திக்காரனுக்கு அது எங்கே தெரியும்? "உங்க பொண்ணைக் கேட்டு வந்திருக்கோம் ஐயா" என்று அவனே ஆரம்பித்தான். கூட வந்த வண்டியோட்டி போனிஃபாசியோ தலை நிமிராமல் பதஸ்கா சூப்பைக் கிண்ணம் கிண்ணமாகக் குடித்துக்கொண்டிருந்தான்.

என்ன தொழில் என்று கேட்டேன், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். "ரெண்டு கேலக்ஸி மோதினா நட்சத்திரங்க ஒண்ணோட ஒண்ணு முட்டாது ஐயா. நடுவுல இருக்கற குளிர்ந்த வாயுதான் நசுங்கி, தன் பாரத்துலயே சுருங்கி, சூடேறி நட்சத்திரமாகும். வருஷத்துக்கு நூறு சூரியன் பிறக்கும்"ங்கிறான். மோதுறது யாரு, முட்டாதது யாரு, பெத்துப் போடுறது யாரு? எனக்குத் தலை கிறுகிறுத்துப் போச்சு. "நம்ம பால்வீதியில எத்தனை?"ன்னேன். "ஒண்ணு, ரெண்டு." "அது போதாதா?" "போதும் ஐயா. நூறு பெத்துப் போடுற கேலக்ஸிக்குத்தான் சீக்கிரமே வாயு தீர்ந்துரும்." "சீக்கிரம்னா?" "பத்துக் கோடி வருஷம்."

பால்வீதியின் வெளிச்சத்துக்கு நடுவே கறுப்புத் திட்டாய்ப் படுத்திருக்கும், நம் பெரியவர்கள் காட்டித் தந்த வானத்து லாமாவை நினைத்துப் பதறிப்போனேன். கறுப்பு தீர்ந்தா அவ எங்க போவா? "அந்தக் கறுப்புதான் வாயுவும் தூசியும், அதுக்குள்ளதான் நட்சத்திரம் பிறக்குது"ன்னான். அப்போ அவ சினையா! இத்தனை வருஷம் மந்தை மேய்ச்சும் எனக்குத் தெரியலையே! எப்போ ஈனுவான்னு கேட்டா, "ஒவ்வொண்ணுக்கும் லட்சக்கணக்கான வருஷம் ஆகும்"ங்கிறான். இப்படி முடிவே தெரியாத வேலை பார்க்கிறவனுக்குக் கட்டிக்கொடுத்து, அவளை வால்டிவியா மழைக்கு அனுப்பிட்டு, நான் யார் முகத்தைப் பார்த்துட்டு உக்காந்திருப்பேன்? உன் அண்ணி போன பிறகு எனக்கு இருக்கிறது இவ ஒருத்திதானே. முடியாதுன்னு சொல்லிட்டேன். ததேயோ முகம் வெளுத்துப் போச்சு. வண்டியோட்டி கிண்ணத்தைக் கீழே வச்சுட்டான். நியேவெஸ் சமையலறைக் கதவைச் சாத்தினவ இன்னும் திறக்கலை.

ஆகவே நீ புறப்படாதே, புதுப் பாவாடையும் வாங்காதே. மச்சானுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்கள் அடுப்பு அணையாமல் எரியட்டும்.

உன் அண்ணன்,
எலெயுதேரியோ

பி.கு.: உடனே புறப்பட்டு வா. நியேவெஸ் கதவைத் திறந்து கத்தின பிறகுதான் தெரிஞ்சது, ததேயோ நம்ம வழக்கப்படி ஞானத்தகப்பனா நின்னு பேச வந்தவனாம். மாப்பிள்ளை போனிஃபாசியோவாம், இங்கே பக்கத்துல பெய்னே ஊராம்! சம்மதம் சொல்லிட்டேன். சந்தோஷம்தான். ஆனா சம்மதம் கிடைச்ச பிறகும் மாப்பிள்ளை வாய் திறக்க மாட்டேங்கிறான், ததேயோவோ வெள்ளிக்கிழமை ஊருக்குப் போறானாம். நட்சத்திரத்தைப் பத்தின மீதிச் சந்தேகத்தை நான் யாரைக் கேட்பேன்?