நிமிர்ந்து நின்ற அலமாரி

கெப் என்கிற பிக்கப் வண்டி ஓட்டத் தெரிந்த எவனுக்கும் டீசலைப் பற்றி அடுத்தவருக்குப் பாடம் எடுக்கும் வியாதி உண்டு. எனக்கு அது முற்றிப்போயிருந்தது. தங்கச்சி மலரின் கல்யாணத்தன்று அரநாயக்கவில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் நின்று, "இருக்கிற டீசலே றக்வானை மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வரத் தாராளமாக் காணும்" என்று அறிவித்தேன். (வெறும் வண்டிக்கு அது உண்மைதான். பின்னால் ட்ரெய்லர் பூட்டியிருந்தது.)

ட்ரெய்லரில் சீர் சாமான்: கட்டில், மெத்தை, ஆளுயரக் கண்ணாடி வைத்த இரும்பு அலமாரி. அலமாரியைப் படுக்கப்போட்டுக் கயிறு கட்டினேன். அத்தை பதறிவிட்டார்.

"அடப்பாவி, பொணப்பெட்டி மாதிரி கெடக்கு! கல்யாண வண்டிடா, நிமித்தி வை!"

நிமிர்த்தினேன். கண்ணாடி குலுங்கக்கூடாதென்று டயர்களில் காற்றையும் கொஞ்சம் இறக்கிவிட்டேன். என் மூளையே மூளை!

மற்ற சனம் முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டது. மலரும் அத்தையும் என் பக்கத்தில். முகூர்த்தம் தப்பக்கூடாதென்று சமதரையில் மிதித்தேன். அலமாரி எதிர்காற்றையெல்லாம் மறித்தது. டயர்கள் ரோட்டை விடமாட்டேன் என்றன. வண்டி டீசலைக் கள்ளுக் குடிப்பதுபோல் குடித்தது. கஹவத்தையில் பெற்றோல் செட்டைத் தாண்டிய பிறகுதான் டீசல் முள்ளைப் பார்த்தேன். அது அடியில் படுத்துக் கிடந்தது.

"அத்தை, திருப்பிப் போயி டீசல் அடிச்சிட்டு வந்திரலாம்."

"பொண்ணு ஏறுன வண்டி திரும்பக்கூடாது. முன்னால பாத்து ஓட்டு."

"அண்ணே, போய்ச் சேருமா?" என்றாள் மலர்.

"நான் இருக்கேன்ல!"

றக்வானை ஏற்றத்தில், ஒரு வளைவில், வண்டி இருமிவிட்டு நின்றது. போனில் சிக்னல் இல்லை. மலர் அழத் தொடங்கினாள். அத்தை என் முதுகில் வைத்தார் ஒன்று. எனக்கு அப்படியே பள்ளத்தில் குதித்துவிடலாம்போல வெட்கம்.

அந்த நேரம் பார்த்துத் தேயிலைக் கொழுந்து லொறி ஒன்று வந்தது. சாரதி பட்டுச்சேலையைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவேயில்லை.

"நங்கி, நகின்ன!" என்றார். (தங்கச்சி, ஏறு என்று சிங்களத்தில் சொல்கிறார்.)

முன்சீட்டில் ஏற்கெனவே ஆட்கள். மணப்பெண் கொழுந்துச் சாக்குகளின் மேல் ஏறி உட்கார்ந்தாள். அத்தையையும் தள்ளி ஏற்றினோம். நானும் காலைத் தூக்கி வைத்தேன்.

"நீ எங்க வாற? சாமான யாரு பாக்கிறது? நில்லு அங்கேயே!" என்றார் அத்தை மேலேயிருந்து.

ஒரு புண்ணியவான் டீசல் கொண்டுவந்து கொடுக்க, நான் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி, பந்தியும் முடிந்து, இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அலமாரிக் கண்ணாடியில் மட்டும் ஒரு கீறல் இல்லை.

கல்யாண ஆல்பத்தில் மலரின் கொண்டையில் மல்லிகையோடு தேயிலைக் கொழுந்தும் இருக்கிறது. நான்தான் ஒரு படத்திலும் இல்லை. ஆல்பத்தைத் திறக்கும்போதெல்லாம் அவள் மகள் கேட்பாள், "அம்மா, மாமா எங்க?"

"மாமாவா? அலமாரியோட வந்துக்கிட்டிருக்காரு."