பெர்னார்ட் துப்பிய வைட்டமின்

உயிரே போனாலும் அந்த மஞ்சள் மாத்திரையை விழுங்குவதில்லை என்று பெர்னார்ட் முடிவு கட்டியபோது அடுப்பில் காபி கொதித்துக்கொண்டிருந்தது. அதைவிட அதிகமாக அவர் கொதித்தார்.

ஒக்கலிபுரத்துக்காரர். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. காசநோய் என்று லீவு போட்டு வீட்டோடு இருந்தார். நோய்க்குக் கொடுத்த வெள்ளை மாத்திரையை மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டார். சண்டையெல்லாம் கூடவே கொடுத்த மஞ்சள் மாத்திரையால்தான். வெள்ளை மாத்திரை உடம்பிலுள்ள ஒரு வைட்டமினைக் காலி பண்ணிவிடுமாம். அது குறைந்தால் காலும் மரத்துப்போகும், மனசும் இடிந்துபோகும், அதனால் தினம் ஒரு மஞ்சள் என்று டாக்டர் சேஷகிரி சொல்லியிருந்தார்.

"மனசுக்கு மாத்திரையா? நான் என்ன பைத்தியமா?" என்று மனைவி பியாட்ரிஸிடம் பாய்ந்தார்.

"பைத்தியம்னு யாரு சொன்னா? வைட்டமின்னுதானே சொன்னாரு."

"வைட்டமினாம். அந்த டாக்டரை நல்லா வையணும்."

"வையறதுக்கும் தெம்பு வேணும்ல. போட்டுக்குங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு வாயில் போட்டார். அவள் திரும்பியதும் பின்பக்கம் போய்ச் செம்பருத்தித் தொட்டியில் துப்பினார். தினமும் இதே கூத்துதான்.

மூன்றாவது வாரம் பெர்னார்ட் திட்டுவதை நிறுத்திவிட்டார். இட்லி கல்லாக இருந்தது, ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு நோரா ரேடியோவை அலறவிட்டாள். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, ரயில் கூவும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம், பியா?" என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டார். பதினெட்டு வருஷமாக அவர் போட்ட கூச்சலுக்கெல்லாம் பயப்படாதவள் அன்று பயந்துபோனாள்.

டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. சந்தேகப்பட்டு, மாத்திரை போட்டதும் அவர் போகும் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். செம்பருத்தி தளதளவென்று இருந்தது. அடியில் கரைந்தும் கரையாமலும் மஞ்சள் மாத்திரைகள். பயம் போய் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் கத்தவில்லை. கத்தினால் மனுஷன் அழுதுவிடுவார். மத்தியானம் குழம்பு ஊற்றும்போது சாதாரணமாகச் சொன்னாள்.

"நீங்க துப்பினது தெரியும். பரவால்ல. ரெண்டு ரெண்டா பொடி பண்ணி உங்க சாப்பாட்டுல கலந்துட்டுதான் இருக்கேன்."

பெர்னார்டின் கை தட்டிலேயே நின்றது. ஒரு வாரமாகக் காணாமல் போயிருந்த கோபம் மூக்கு நுனியில் எட்டிப் பார்த்தது.

"எதுல கலந்தே?"

"அதை எதுக்குச் சொல்லணும்?"

"குழம்புலயா, காபியிலயா?"

"ஒருநாள் அதுல, ஒருநாள் இதுல."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அன்று ராத்திரி பேக்கரி பன். மறுநாள் மூன்று வேளையும் பன். அதற்கு மறுநாள் அவள் வஞ்சிரம் பொரித்தாள். வாசனை ஜன்னல் வரைக்கும் வந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது. பன்னை விட்டெறிந்துவிட்டுச் சமையலறைக்கு வந்தார்.

"அந்தச் சனியனைக் கொடு. உன் கண்ணெதிர்ல முழுங்கறேன். ஒண்ணே ஒண்ணு. ஆனா இனிமே சாப்பாட்டுல கலக்க மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினாள். அவர் விழுங்கினார். நாக்கை நீட்டியும் காட்டினார். பிறகு மீனில் முள்ளைத் தவிர எதையும் மிச்சம் வைக்கவில்லை.

ஒரு மாதத்தில் அவர் திட்டு தெருமுனை வரை கேட்டது. நோரா ரேடியோவை அணைத்தாள். பியாட்ரிஸ் மட்டும் காது குளிரக் கேட்டுக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள்.

அடுத்த தடவை கிளினிக்குக்குப் போனபோது டாக்டர் மனசு எப்படி என்று கேட்டார். பெர்னார்ட் நெஞ்சை நிமிர்த்தினார்.

"பேஜாரு ஒண்ணுமில்ல டாக்டர். இவ எனக்குத் தெரியாம தினம் ரெண்டு மாத்திரையைச் சாப்பாட்டுல கலந்துட்டிருந்தா. நான் விடுவேனா? சண்டை போட்டு ஒண்ணாக் குறைச்சிட்டேன்."

டாக்டர் முகம் சுளித்து பியாட்ரிஸைப் பார்த்தார். "என்னம்மா இது? இப்பவும் கலக்கறீங்களா?"

"இல்ல டாக்டர். மாதா மேல சத்தியம் பண்ணியிருக்கேனே," என்றாள் அவள். "அதுக்கு முன்னாடியும் கலக்கல."