ரயிலை நிறுத்திய வலது கால்

நான் ஒருமுறை ரயிலை நிறுத்தியிருக்கிறேன். கொடி பிடிக்கவில்லை, கோஷம் போடவில்லை. வலது காலால் நிறுத்தினேன். அதுவும் வெறுங்காலால். (புதுச் செருப்பு வழுக்கிவிடுமோ என்று கழற்றி வைத்திருந்தேன்.)

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அப்போது ஆத்தங்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் டீச்சர். கணவருக்குச் சேலத்தில் வேலை. மாதம் இரண்டு முறை வருவார். வீட்டில் நானும் நான்கு வயது ஸ்டெல்லாவும். ஸ்டெல்லாவுக்கு இளைப்பு உண்டு. ஈரம், தூசி, புகை, எது பட்டாலும் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம் வரும். டாக்டர் இருப்பது காரைக்குடியில். பஸ்ஸோ தனக்குத் தோன்றியபோது வரும்.

அந்த ஐப்பசியில் ஒரு மத்தியானம் இளைப்பு வந்தது, பஸ் வரவில்லை. பால்காரரின் மொபெட்டில், அவருக்கும் பால்கேனுக்கும் நடுவில் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் அவள் மூச்சை எண்ணிக்கொண்டே போனேன். டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "இன்னும் அரை மணி நேரம் தாமசமாயிருந்தா..." என்று சொல்லி நிறுத்திவிட்டார். அந்த வாக்கியத்தின் மீதியை நான் பல நாள் விதவிதமாக முடித்துப் பார்த்தேன். எந்த முடிவும் தூங்க விடவில்லை.

கார் வாங்குவது என்று ஆயிற்று. என்ன கார் என்பதில்தான் பிரச்சினை. டீசல் புகை ஸ்டெல்லாவுக்கு ஆகாது, ஆகவே பெட்ரோல். கண்மாய் நிரம்பி மறுகால் போனால் எங்கள் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும். ஆகவே ஜீப் மாதிரி உயரமாக இருக்க வேண்டும். எங்கள் சந்தின் இரண்டு பக்கமும் பெரிய வீடுகளின் மதில், எதிரே ஒரு மாடு வந்தால் ஒன்று மாடு பின்வாங்க வேண்டும், இல்லை நாம் பின்வாங்க வேண்டும். ஆகவே சின்னதாகவும் இருக்க வேண்டும். கடைசி நிபந்தனை, கிளட்ச் இருக்கக் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனைக்குக் காரணம் நான். மூன்று மாதம் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். சொல்லிக்கொடுத்தவர் பொறுமைசாலி. ஆனால் அவரும் ஒருநாள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், நீங்க கிளட்ச மிதிக்கல, நசுக்குறீக" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். லைசென்ஸ் கிடைத்தது. அன்று எப்படியோ வண்டி ஒரு தடவைகூட அணையவில்லை. (அதற்கு நான் வேண்டிக்கொண்ட ஜெபமாலைகளின் எண்ணிக்கையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.)

மதுரை ஷோரூமில் என் நோட்டைப் பிரித்து வாசித்துக் காட்டினேன். விற்பனைப் பையன் முதலாளியைக் கூப்பிட்டான். முதலாளி முழுவதும் கேட்டுவிட்டு, "இதெல்லாம் ஒரே வண்டியிலயா மேடம்?" என்றார். "அப்படி ஒண்ணு இன்னும் நம்ம கடைப்பக்கம் வரல. வந்தா மொத போன் ஒங்களுக்குத்தான்." நாங்கள் வெளியே வரும்வரை சிரிப்பை அடக்கி வைத்திருந்தார். நல்ல மனிதர்.

கூட வந்தவர் பெரியத்தான், என் கணவரின் அண்ணன். குடும்பத்தில் எந்த வாகனமும், மாட்டுவண்டி உட்பட, அவர் டயரை உதைத்துப் பார்க்காமல் வந்ததில்லை. அவர் மனதில் ஏற்கெனவே ஒரு டீசல் வேன் நின்றுகொண்டிருந்தது, டிரைவரோடு.

"நமக்குத் தெரிஞ்ச பயதான். கூப்பிட்ட நேரத்துக்கு வருவான்" என்றார்.

"பிள்ளைக்கு இளைப்பு வர்ற அன்னைக்கு அவனுக்கு ஏதாவது கல்யாணம் இருந்தா, அத்தான்?"

"நீ கெட்டதையே நெனைப்பியாம்மா?"

நினைப்பேன். அதுதானே என் முழுநேர வேலை.

அப்போதுதான் கானாடுகாத்தானில் ஒரு பச்சை ஜீப் இருப்பதாகத் தகவல் வந்தது. ஒரு பெரிய வீட்டு ஆச்சியின் மகன் மலேசியாவிலிருந்து திரும்பியபோது கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தது. அவர் மறுபடி மலேசியாவுக்கே போய்விட, வண்டி மட்டும் இங்கே தங்கிவிட்டது. சின்ன ஜீப். பெட்ரோல். கியர் தானே மாறும். என் நோட்டை யாரோ திருடிப் படித்துவிட்டுச் செய்தமாதிரி இருந்தது.

சேலத்துக்குப் போன் போட்டேன். "நீயே பாத்து முடிவு பண்ணு. எனக்கு ஒம்மேல நம்பிக்கை இருக்கு" என்றார் கணவர். (பயந்தவர்களிடம் சொல்லவே கூடாத வார்த்தை.) பெரியத்தான் வேறு மாதிரி சொன்னார். "நான் பக்கத்துல ஒக்காருறேன். கானாடுகாத்தான்ல எடுத்து காரைக்குடி வரைக்கும் ஒழுங்கா ஓட்டிக் காட்டு. காட்டிட்டா நான் வாயத் தொறக்கல. இல்லையா, டீசல் வேன். சரியா?"

சரி என்றேன்.

ஒரு சனிக்கிழமை காலை ஸ்டெல்லாவையும் கூட்டிக்கொண்டு போனோம். ஆச்சி வெள்ளைச் சேலையில், ஒல்லியாக, விறைப்பாக நின்றார். வண்டியின் மேல் கிடந்த ஜமக்காளத்தை விலக்கிவிட்டு, "ஆரு ஓட்டப் போறது?" என்று பெரியத்தானைப் பார்த்துக் கேட்டார்.

"நான்தான் ஆச்சி" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்வை என் காலில் போய் நின்றது. "நல்லது. நானும் வாரேன். எப்படி ஓட்டுறவுகளுக்குக் குடுக்கிறோம்னு எனக்குத் தெரியணுமில்ல" என்று சொல்லி, பின் சீட்டில் ஸ்டெல்லாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வண்டியை வாங்க வந்தவளுக்கு இரண்டு பரீட்சை அதிகாரிகள்.

மகன் எழுதி வைத்துவிட்டுப் போன காகிதத்தைப் பிரித்து ஆச்சி சத்தமாக வாசித்தார். "எடது காலுக்கு வேலையில்ல. சும்மா வச்சுக்கிரணும். வண்டி நிக்கிறப்ப பிரேக்குலருந்து காலு எடுக்கப்படாது, எடுத்தா அதுபாட்டுக்கு நகரும். திரும்பவும் சொல்றேன், எடுக்கப்படாது. அம்புட்டுத்தான் எழுதியிருக்கான்."

எனக்குச் சட்டம் என்றால் மதிப்பு. இரண்டு தடவை எழுதிய சட்டம் என்றால் இரண்டு மடங்கு மதிப்பு.

ஆச்சி வீட்டு வேலையாள் வண்டியைக் கிளப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினார். நான் ஏறி பிரேக்கை மிதித்ததும், கியர்க் கம்பியை அவரே தள்ளிவிட்டார். நகர்ந்தது! மிதிக்க கிளட்ச் இல்லை, குலுக்கல் இல்லை, அணையவில்லை. என் இடது கால் விருந்தாளி மாதிரி சும்மா இருந்தது. கானாடுகாத்தான் தெருக்கள் நேர்கோட்டுத் தெருக்கள் என்பதால் திருப்பமும் அதிகம் இல்லை. பெரியத்தான் மேற்கூரைக் கைப்பிடியை விட்டுவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார். அது அவர் வாயிலிருந்து வரக்கூடிய எந்தப் பாராட்டையும்விடப் பெரிது.

ரயில்வே கேட் வந்தது. திறந்திருந்தது. மேடு ஏறினேன். முன் சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டியது. பின் சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறிய நேரத்தில் வண்டி இரண்டு தரம் இருமியது. (இருமுவதற்கு எங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.) பல மாதம் தொட்டியில் கிடந்த பழைய பெட்ரோல். மூன்றாம் இருமலில் அணைந்துவிட்டது.

உடனே பிரேக்கை மிதித்தேன். சாவியைத் திருப்பினேன். ஒன்றும் இல்லை. சின்னச் சத்தம்கூட இல்லை. மறுபடி திருப்பினேன்.

"பேட்டரி போச்சு" என்றார் பெரியத்தான், இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி.

பின்னால் ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்தது. கேட்காரர் பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தார். "யம்மா, எடுங்கம்மா! வண்டி வர்ற நேரம்! நான் கேட்டப் போடணும்!"

எங்கோ தூரத்தில் ரயில் கூவியது.

கேட்டை மூடினால்தான் சிக்னல் கைகாட்டி இறங்கும், கைகாட்டி இறங்கினால்தான் ரயில் வரும் என்பதும், நான் அங்கே நிற்கும்வரை அந்த ரயில் வெளியிலேயே காத்துக்கிடக்கும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நிமிடத்தில் தெரிந்ததெல்லாம் பின் சீட்டில் என் பிள்ளை இருக்கிறாள் என்பதுதான்.

"ஸ்டெல்லாவை எறக்குங்க! மொதல்ல அவளை எறக்குங்க!" என்று கத்தினேன். பஸ் கண்டக்டர் ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய் பஸ் பக்கத்தில் பத்திரமாக நிறுத்தினார். பெரியத்தானும் இறங்கினார். ஆச்சி மட்டும் அசையவில்லை. "நான் எறங்க மாட்டேன். வண்டி என்னுது" என்றார்.

நம் ஊரில் வண்டி நின்றால் யாரும் கூப்பிடவே வேண்டாம். பஸ்ஸில் இருந்த அத்தனை ஆண்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். குறைந்தது இருபது பேர்.

"புடிங்கப்பா! ஒண்ணு... ரெண்டு... தள்ளு!"

வண்டி குலுங்கியது. நகரவில்லை.

"சின்ன வண்டிதானய்யா! தம் புடிச்சுத் தள்ளுங்க!"

நகரவில்லை. "என்னய்யா இது, கோயில் தேரா?" என்றது ஒரு குரல். "மலேசியா இரும்புய்யா. கனம்" என்று விளக்கம் சொன்னது இன்னொரு குரல். ரயில் மறுபடி கூவியது. நான் கண்ணை மூடிக்கொண்டு மாதாவின் அருள் நிறை மந்திரத்தைப் பாதியிலிருந்து பாதிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் எவ்வளவு வேகமாகத் தள்ளினார்களோ, அவ்வளவு பயத்தில் நானும் அழுத்தினேன்.

மூன்றாவது தள்ளலும் தோற்றபோது பஸ் டிரைவர் சாவகாசமாக இறங்கி வந்தார். வண்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தார். பிறகு என் ஜன்னலுக்கு வந்தார்.

"யம்மா, பேட்டரி செத்துப்போச்சுன்னு சொன்னது ஆரு?"

பெரியத்தானைக் காட்டினேன்.

"செத்த பேட்டரியில பின்னாடி செவப்பு லைட்டு எப்படிம்மா பளபளன்னு எரியுது?" என்று கேட்டுவிட்டு, தலையை உள்ளே நீட்டி என் காலைப் பார்த்தார். "கால எடுங்க."

"எடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கே" என்றேன்.

சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். இருபது பேர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்ற அமைதியில், அந்த வாக்கியம் கடைசி ஆள்வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

காலை எடுத்தேன். வண்டி தண்டவாளத்தை விட்டு இறங்கியது. மேட்டின் மறுபக்கம் சரிவு என்பதை நான் யோசிக்கவில்லை. "பிரேக்கப் புடிங்க, பிரேக்கப் புடிங்க!" என்று இருபது பேரும் பின்னால் ஓடி வந்தார்கள். எடு என்கிறார்கள், பிடி என்கிறார்கள், எதைக் கேட்பது என்று நான் தீர்மானிப்பதற்குள் வண்டி ரோட்டோரக் கருவேல முள்ளுக்குள் பாதி நுழைந்து நின்றது. பச்சை வண்டியின் இரண்டு பக்கமும் முள் கிழித்த சத்தம் இன்றைக்கும் என் பல்லில் இருக்கிறது.

கேட் மூடியது. ரயில் போனது. ஜன்னலில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துக் கையாட்டினார்கள்.

கேட்டுக்கு அந்தப்பக்கம் கண்டக்டர் ஸ்டெல்லாவைத் தூக்கிக்கொண்டு நின்றார். ரயில் போனதும் குறுக்கே நடந்து வந்து அவளை என் கையில் கொடுத்தார். "பிள்ளை மூச்சு ஒரு மாதிரி இருக்கே டீச்சர்."

பூனைக்குட்டி கத்திக்கொண்டிருந்தது. அணைக்காத பஸ்ஸின் புகைக்குப் பக்கத்தில், பத்திரமாக இருக்கட்டும் என்று, நானே சொல்லி அவளை நிறுத்தியிருக்கிறேன். எந்தப் புகைக்குப் பயந்து இந்த வண்டியைத் தேடினேனோ, அந்தப் புகையிலேயே.

சிரிப்பெல்லாம் அங்கே நின்றுபோயிற்று. "பஸ்ஸுல போயிருவோம்" என்றார் பெரியத்தான். அதே புகை. வழியில் ஏழெட்டு நிறுத்தம் வேறு. பிள்ளையைப் பின் சீட்டில் வைத்தேன். கேட்டில் இருந்த என் மூளை முழுக்க இப்போது அவள் மூச்சில் இருந்தது. சாவியைத் திருப்பினேன். ஒன்றும் இல்லை.

"இந்தா, இரு, இரு" என்றார் ஆச்சி. கையிலிருந்த காகிதத்தை அப்போதுதான் திருப்பியிருந்தார். "பின்பக்கமும் எழுதியிருக்கான். கியர்க் கம்பிய மேல ஒசரத் தள்ளி நிறுத்தினாத்தான் சாவி வேலை செய்யுமாம்."

மேலே தள்ளினேன். சாவியைத் திருப்பினேன். கிளம்பியது. பெரியத்தானும் ஏறிக்கொண்டார். நாலு பேர் முள்ளை விலக்கிப் பிடிக்க, பின்னால் எடுத்து ரோட்டுக்கு வந்தேன். காரைக்குடி வரை ஓட்டினேன். யார் குறுக்கே வந்தார்கள், எங்கே திரும்பினேன், ஒன்றும் நினைவில்லை. வண்டி மட்டும் யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல் போனது. பாதி வழியில் ஆச்சி, "ஏதோ கருகுதே" என்றார். என் நெஞ்சுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் ஸ்டெல்லாவின் மூக்கில் மருந்து வரும் முகமூடியை வைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து என்னிடம் வந்தார். "இந்தத் தடவ நேரத்தோட கொண்டாந்துட்டீக. பயமில்ல." வாக்கியம் முழுதாக முடிந்தது. அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வந்தபோது ஆச்சி வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். பின் சக்கரத்திலிருந்து லேசாகப் புகை. உள்ளே பெரியத்தான், யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், கைப்பிரேக்கை மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தார். முள்ளுக்குள் நின்ற வண்டி மறுபடி உருண்டுவிடக் கூடாது என்று அதை இழுத்துவிட்டு, கிளம்பும்போது இறக்க மறந்ததே அவர்தான். நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"வண்டி பரவாயில்லம்மா" என்றார். அதன்பிறகு டீசல் வேன் பற்றிய பேச்சே எங்கள் குடும்பத்தில் எழவில்லை.

ஆச்சி ஒரு கீறலை விரலால் தடவிவிட்டுச் சொன்னார். "இனி இத வேற ஆருக்கும் விக்க முடியாது. நீயே எடுத்துக்க ஆத்தா."

எடுத்துக்கொண்டோம். ஒன்பது வருடம் ஓட்டினேன். ஸ்டெல்லா வளர்ந்தாள், இளைப்பு குறைந்தது.

ஆனால் அந்த பஸ்ஸில் இருந்த இருபது பேரும் சுற்றுவட்டாரத்து ஆட்கள். அவர்கள் வழியாகக் கதை ஊருக்குள் வந்தபோது வண்டி காணாமல் போய், நான் மட்டும் மிஞ்சியிருந்தேன். ஒரு பரீட்சைச் சமயம், மகனுக்கு இரண்டு மதிப்பெண் கூடப் போடச் சொல்லிக் கேட்க ஒருவர் வந்தார். வராந்தாவில் இன்னொருவர் அவரைத் தடுத்து நிறுத்தியது என் காதில் விழுந்தது.

"அந்த டீச்சர்கிட்டயா? போகாதீக. இருபது பேரு சேந்து தள்ளியும் நகராத ஆளு."

கத்தரிக்காய் வாங்கப் போனால் மூன்று கூறுகளையும் எடுத்து வைத்து, எடுத்து வைத்து, கடைக்காரரிடம் திட்டு வாங்குகிறவள் நான். அதன்பிறகு, முப்பது வருட வேலை முடிந்து ஓய்வு பெறும்வரை, ஒரு பெற்றோர்கூட என்னிடம் மதிப்பெண் கேட்டு வந்ததில்லை. வீட்டில் நான் எதற்காவது பிடிவாதம் பிடித்தால் ஸ்டெல்லா அவள் அப்பாவிடம் சொல்வாள்: "விடுங்கப்பா. ஆள் பத்தாது."